மரியாதை தெரிந்த பிள்ளை

டிட்டிலியாவைப் போல ஒழுங்காக வளர்ந்த பிள்ளை அந்தத் தீவிலேயே கிடையாது என்று ஊரார் சொல்லும்போதெல்லாம் அவள் தாய் விலிமைனாவுக்கு மனம் குளிர்ந்துவிடும். பெரியவர்கள் பாயில் வட்டமாக உட்கார்ந்து யங்கோனா வேர்ச்சாறு குடிக்கும் இடத்தைக் கடக்கும்போது, பிள்ளை அவர்கள் தலைக்கு மேல் தன் தலை உயராதபடி உடம்பை மடித்து, கண்ணைத் தாழ்த்தி, நிழல்போலப் போகும். விலிமைனாவின் கொழுந்தன் சகியூசா தன் பையன்களைத் திட்டும்போது அவளைத்தான் காட்டுவான்.

"இவளப் பாத்தாவது திருந்துங்கடா. வாயத் தொறக்குறாளா பாரு."

சிறு குழந்தையாக இருந்தபோது அவள் அப்படி இல்லை. யார் பேசினாலும் எதிரே போய் நின்று அவர்கள் வாயையே உற்றுப் பார்ப்பாள். பெரியவர்கள் முகத்தை இப்படி வெறிக்கிறதே என்று விலிமைனா கூசிப்போவாள். தொடையில் கிள்ளுவாள், பிடரியைப் பிடித்து அமுக்குவாள். பிள்ளை கற்றுக்கொண்டது. இன்னும் பேச்சு வரவில்லையா என்று கேட்டவர்களிடம் விலிமைனா கூச்சம் என்றாள். தானும் அதை நம்பினாள்.

பள்ளியில் சேர்த்த பிறகுதான், பிறந்ததிலிருந்தே காது கேட்கவில்லை என்று தெரிந்தது.

தலைநகர் சுவாவிலிருந்து கப்பலில் லோசலினி டீச்சர் வந்தாள். கையால் பேசக் கற்றுக்கொடுப்பவள். மொழி ஊன்றுகிற வயது கழிந்துகொண்டே போகிறது, இனி எதுவானாலும் கண் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். பிறகு பிள்ளையின் எதிரே உட்கார்ந்து, விலிமைனாவைச் சுட்டி, அம்மா என்று கையால் காட்டினாள். பிள்ளை பாயைப் பார்த்தது. தாடையைப் பிடித்துத் தூக்கினால் முகம் வந்தது, கண் வரவில்லை. மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும்.

"யாருக்கா இவள இப்படி மிரட்டி வச்சது?"

"மிரட்டல டீச்சர். மரியாத சொல்லிக் குடுத்தேன்."

லோசலினி பிள்ளையின் தாடையிலிருந்து கையை எடுத்தாள். "எங்கம்மாவும் இப்படித்தான் வளத்தாங்க. ஆனா எனக்குக் காது கேட்டுச்சு."

சகியூசா தேற்ற வந்தான். காது போனால் போகட்டும், அடக்கம் இருக்கிறதே, அது போதாதா அண்ணி என்றான். விலிமைனா மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள்.

டீச்சரை ஏற்றிக்கொண்டு கப்பல் திரும்பியது. அடுத்து எப்போது வருவேன் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அன்று மாலை வீட்டில் வேறு யாரும் இல்லை. பிள்ளை தலை கவிழ்ந்து பாயில் உட்கார்ந்திருந்தது. விலிமைனா அதன் முன்னால் மல்லாந்து படுத்து, கவிழ்ந்த அந்த முகத்துக்கு நேர் கீழே தன் முகத்தைக் கொண்டுபோய் வைத்தாள். இனி பார்க்காமல் எங்கே போவாள்? டீச்சர் காட்டிய மாதிரியே கையைத் தூக்கி, அம்மா என்றாள்.

ஒரு கணம் கண்கள் சந்தித்தன. பிள்ளை பதறிப்போனது. தாயின் தலை தன் தலைக்குக் கீழே கிடக்கிறது, அது ஆகாது. டிட்டிலியா அவசரமாகப் பின்னால் நகர்ந்து, பாயை விட்டிறங்கி, வெறுந்தரையில் குப்புறப் படுத்து நெற்றியைத் தரைப்பலகையோடு அழுத்திக்கொண்டாள்.

தூக்கிய கையை இறக்கத் தோன்றாமல் விலிமைனா அப்படியே கிடந்தாள்.