நடுக்கூடத்து நாற்காலி

ராக்னிலுக்கு அன்று எண்பத்து மூன்றாவது பிறந்தநாள். மகள் மெட்டே அடுக்குக் கேக்கை ஏந்திக்கொண்டு ரோஸ்கில்டே நகரத்தில் தம்பி யெஸ்பரின் வீட்டுக்குள் நுழைந்தாள். மேசையில் பிறந்தநாளுக்கு நடுகிற குட்டிக் கொடி ஒன்றுகூட இல்லை. கூடத்தில் பெரிய விளக்குகளை நிறுத்திக்கொண்டு, வீட்டு அலங்காரப் பத்திரிகையிலிருந்து வந்த புகைப்படக்காரர் நின்றிருந்தார்.

அந்தக் கூடத்தில் இருந்த எதுவும் தம்பி சம்பாதித்ததல்ல. தேக்கு அலமாரி, தொங்குவிளக்கு, மரப் பறவைகள் எல்லாம் போன வருஷம் அம்மாவை இங்கே அழைத்து வந்தபோது கூடவே வந்தவை. நடுநாயகமாக அந்தக் கை வைத்த நாற்காலி. கல்யாணமான புதிதில் ஒன்றுதான் வாங்க முடிந்தது என்று அம்மாவும் அப்பாவும் முறை வைத்து உட்கார்ந்தது. "நாளைக்குக் காபியை என் நாற்காலியில உட்கார்ந்து குடிக்கணும்டி" என்று முந்தின நாள் போனில் சொல்லியிருந்தாள் அம்மா. வேறு பரிசு எதுவும் கேட்கவில்லை.

"அம்மா எங்க?"

"சலவை ரூம்லதான்க்கா," என்றாள் தம்பி மனைவி பெனடிக்டே. "அங்க கதகதப்பா இருக்கும். படம் எடுக்கிற வரைக்கும்தானே!"

துவைக்கும் இயந்திரத்துக்கும் அழுக்குக் கூடைக்கும் நடுவே, தோட்டத்து பிளாஸ்டிக் முக்காலியில், நல்ல நீலச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தாள் அம்மா.

"யாரு, மெட்டேயா? கண்ணு தெரியலடி. துடைச்சுத் தரேன்னு பெனடிக்டே காலையிலயே என் கண்ணாடியை வாங்கிட்டுப் போனா. பின்னிக்கிட்டிருந்த காலுறையையும் காணோம்."

மெட்டே கூடத்துக்குத் திரும்பினாள். நாற்காலியின் பக்கத்தில் கண்ணாடி மடித்து வைக்கப்பட்டிருந்தது. கைப்பிடியில் பாதி பின்னிய காலுறை தொங்கியது. புகைப்படக்காரர் அதை இரண்டு விரலால் சரிசெய்தார்.

"இப்பதான் யாரோ எழுந்து போன மாதிரி இருக்கணும்," என்றார்.

தாய்க்குச் சலவை அறை, தாயின் கண்ணாடிக்கு நடுக்கூடம்!

புகைப்படக்காரர் கைப்பிடியிலிருந்த கரிந்த தழும்பைத் தடவினார். அப்பாவின் சுருட்டு சுட்ட இடம். "அடடா, இந்த ஒரு தழும்பு போதுமே! எங்க பிடிச்சீங்க?"

மாமியாரின் தைலவாடைக்கு மூக்கைப் பொத்துகிற பெனடிக்டே, அந்தச் சுருட்டுத் தழும்பைப் பார்த்துப் பூரித்தாள். மாமியார் வீட்டுச் சாமான் என்று சொன்னால் அவள் ரசனைக்கு ஏது பெருமை?

"ஏலத்துலதான். யாரோ ஒரு கிழவி செத்துப்போய், வீட்டைக் காலி பண்ணாங்க. என் அதிர்ஷ்டம்!" என்றாள் வாய் கூசாமல்.

யெஸ்பர் பக்கத்திலேயே நின்று மரப் பறவையைத் துடைத்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டிக்குப் பயப்படுகிற பிள்ளையாகக்கூட இல்லை, அவளுக்கு ஒத்து ஊதுகிற பிள்ளை. தூ என்று துப்பலாம் போலிருந்தது மெட்டேவுக்கு.

அப்போது அம்மா பிடித்து நடக்கிற நடைவண்டியின் சக்கரம் கிரீச்சிட்டது. ராக்னில் ஒரு கையால் சுவரைத் தடவித் தடவி வந்து, நாற்காலியைக் கையாலேயே கண்டுபிடித்து உட்கார்ந்தாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"செத்துப்போன கிழவிக்கு இன்னைக்குப் பிறந்தநாள்," என்றாள் புகைப்படக்காரரிடம். "காபி சாப்பிடுறீங்களா தம்பி?"

அவர் முகம் சிவந்து கேமராவைக் கீழே இறக்கினார்.

யெஸ்பர் குனிந்து கெஞ்சினான். "அம்மா, பத்தே நிமிஷம் எழுந்திரும்மா. வெளிச்சம் போயிடும்."

ராக்னில் மகனை நிதானமாகப் பார்த்தாள். இப்போதுதான் அவளுக்குக் கண் தெரிந்ததே. "எழுந்திருக்கிறேன்டா. நாற்காலியும் என்கூட வரும்."

"என் வீட்டுக்கு வாம்மா," என்றாள் மெட்டே. "இடம் சின்னதுதான். ஆனா இந்த நாற்காலிக்கு நடுக்கூடத்துலயே இடம் பண்ணிடலாம்."

புகைப்படக்காரரே ஒரு பக்கம் பிடித்தார். காரின் பின்பக்கம் நாற்காலியை ஏற்றிவிட்டு, மெட்டே அம்மாவை முன்னால் உட்கார வைத்து மடியில் கேக்கைக் கொடுத்தாள். மார்ச் மாதத்துக் குளிர்காற்று சுள்ளென்று அடித்தது. மெல்லிய சட்டையில் அம்மா நடுங்கினாள்.

வீட்டுக்குள்ளிருந்து பெனடிக்டே கம்பளிப் போர்வையோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள். பரவாயில்லை, கடைசியில் மனசாட்சி உறுத்தியிருக்கிறது என்று மெட்டே ஒரு கணம் நினைத்துவிட்டாள்.

பெனடிக்டே முன்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பின்பக்கம் போய், கீறல் விழாமல் நாற்காலியின் கால்களைச் சுற்றிப் போர்த்தினாள்.