குழாய்க்கு அந்தப் பக்கம்

இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒரு லாரி போகிற அகலத்துக்கு மண். அந்தச் சாலையின் கடைசியில், மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில்தான் குழாய்க்காரனின் வீடு. வாரம் முழுக்க இந்தக் கரையில் வேலைக் கொட்டகையில் கிடந்துவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் பெண்டாட்டி முகத்தைப் பார்க்க நடந்து போவான்.

அலை ஏறும்போதெல்லாம் சாலை முங்குகிறது என்று, அடியில் இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்குக் குறுக்காகச் சிமெண்டுக் குழாய் பதிக்கச் சொல்லியிருந்தார்கள். கடைசித் துண்டுக்கு உள்ளே நுழைந்து பூசியவன் அவன்தான். பூசும்போதே மனசு கேட்கவில்லை. மாலை வகுப்பில் போன மாதம்தான் படித்திருந்தான்: மூன்று பக்கம் தண்ணீர் என்றால் தீபகற்பம், நாலு பக்கமும் என்றால் தீவு. அப்படியென்றால் இனி நம்ம ஊர் தீவா என்று மேஸ்திரியிடம் கேட்டான்.

"நாப்பது வயசுல எழுத்துக் கூட்டினா இப்படித்தான் கேக்கத் தோணும். மேல ரோடு இருக்குல்ல? போய் மண்வெட்டியக் கழுவு."

சனிக்கிழமை மத்தியானம் குழாயின் இரண்டு வாயையும் திறந்தார்கள். இந்தத் தண்ணீரும் அந்தத் தண்ணீரும் நடுவில் தொட்டுக்கொண்டன. அலைச் சத்தம் ஒரு நொடி நின்று, பிறகு வந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். அவன் வீட்டுக்கு நடந்தான்.

பெண்டாட்டி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள்.

"யாருண்ணே? எந்தப் படகுல வந்தீங்க?"

அவள் கேலிக்காரி. சிரித்துக்கொண்டே, ரோட்டில் நடந்துதான் என்றான். அவள் சிரிக்கவில்லை. அவனுடைய காய்ந்த காலைப் பார்த்தாள். நாலு பக்கமும் தண்ணீர், நடந்து வந்தேன் என்கிறீர்களே என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்து கதவைச் சாத்தினாள். கொடியில் அவன் சட்டை ஒன்றுகூட இல்லை. சுவரோரம் ஒரு படகு கவிழ்ந்து கிடந்தது. பல வருஷத்துச் சிப்பி அதன் அடியில் அப்பியிருந்தது. போன வாரம் அங்கே படகே கிடையாது.

குழாய் பதித்த இடத்துக்கு ஓடி வந்தான். பள்ளத்தோரம் கிடந்த மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாகக் குழாய் வாயில் திணித்தான். ஒரு மூட்டை குறைந்தது. அந்தச் சந்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

நிமிர்ந்தால், குழாய்க்கு அந்தப் பக்கம் அவள் நிற்கிறாள். நாலடி தூரம்தான். ஆனாலும் நெற்றியில் கைவைத்து, எங்கோ தூரத்துக் கரையைப் பார்ப்பவள்போலக் கத்தினாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரர் அந்தக் கரையிலதான் வேல பாக்குறார். பாத்தா வரச் சொல்லுங்க. சோறு ஆறுது."

புருஷன் ஒருவன் உண்டு என்பதுவரை வந்துவிட்டாள். இன்னும் ஒரு மூட்டை கனம்தான் பாக்கி. அவன் சட்டையைக் கழற்றிக் கரையில் போட்டுவிட்டு இறங்கினான். முதுகை அந்தச் சந்தில் கொடுத்து உட்கார்ந்தான். தண்ணீர் நின்றது.

தலைக்கு மேலே செருப்புச் சத்தம் நடந்து வந்து நின்றது.

"என்னங்க, சட்டைய இங்க போட்டுட்டு எங்க போனீங்க? வாங்க, வீட்டுக்குப் போலாம்."

இதோ வந்துட்டேன் என்று சொல்ல எழுந்தான். விலாவோரம் தண்ணீர் சில்லென்று ஓடியது.

"யாருண்ணே கீழ?"

அவன் மறுபடி உட்கார்ந்து முதுகை அழுத்திக்கொண்டான். தண்ணீர் மார்புக்கு வந்திருந்தது. அலை ஏறுகிற நேரம்.