டிரைவர் பக்கத்துக் கண்ணாடி

காரின் கதவு உட்புறத்தை மூடும் டோர் பேடின் கடைசி கிளிப் ‘டக்’கென்று விட்டபோது ஃபோன் மூன்றாவது தடவையாக அடித்தது. பெரியப்பா. அவள் கையுறையைக் கழற்றாமல் முழங்கையாலேயே ஸ்பீக்கரைத் தட்டினாள்.

“எங்கம்மா இருக்க? உங்கண்ணன ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியிலேருந்து கொண்டு வராங்க. வீடு பூரா சனம். கூடப் பிறந்தவ எங்கேன்னு கேக்குறாங்க, நான் என்ன பதில் சொல்ல?”

“வேலையில இருக்கான்னு சொல்லுங்க.”

“வேலையா! இன்னிக்கா? உனக்கென்ன மூளை கீளை கலங்கிப்போச்சா?”

“எடுக்குறது நாலு மணிக்குத்தானே பெரியப்பா. வந்துடுவேன்.”

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டாள். பெரியப்பா பாவம், நல்ல மனுஷன். ஆனால் நல்ல மனுஷர்களிடம் பேச இன்றைக்கு அவளுக்குப் பொறுமை இல்லை.

முதலாளியும் காலையிலேயே சொல்லிவிட்டார், “நீ இன்னிக்கு வந்ததே தப்பு. வீட்டுக்குப் போ. அந்த வண்டி நாளைக்கு வரைக்கும் நின்னா ஒண்ணும் குடி முழுகிடாது.” அவள் கேட்கவில்லை. இந்த ஒர்க்‌ஷாப்பில் ஜன்னலைச் சுற்றிச் சட்டமில்லாத கதவுக்குக் கண்ணாடி நிறுத்தத் தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான். அவரும் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். அந்த வண்டிக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குத் தெரியாது. அவள் சொல்லவுமில்லை.

கரும்பச்சை நிறத்தில், இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். துணிக்கூரையை மடித்து வைத்துக்கொண்டு ஊரெல்லாம் பார்க்கப் போகலாம். அண்ணன் பத்தொன்பது வருஷம் டிரைவர் வேலை பார்த்த வீட்டு வண்டி. அந்த வீட்டம்மாவுக்கு அவருடைய அப்பா விட்டுப்போனது. அண்ணன் அதை ஓட்டியதே இல்லை. சாவி எப்போதும் வீட்டம்மாவின் கணவர் ஐயாவிடம்தான். கழுவுவது, உறை போடுவது, உறை எடுப்பது இவ்வளவுதான் அண்ணனுக்கு. அதற்கே வீட்டில் வந்து அந்த வண்டியைப் பற்றிப் பெருமை பீற்றிக்கொள்வான்.

இரண்டு மாசத்துக்கு முன்னால் அதன் டிரைவர் பக்கத்துக் கண்ணாடி உடைந்தது. துடைக்கும்போது டிரைவர் உடைத்துவிட்டான் என்றார் ஐயா. தான் தொடவே இல்லை என்றான் அண்ணன். அன்றைக்கே வேலை போயிற்று. அதற்கப்புறம் அண்ணன் வாசல் பக்கம் வந்து உட்காரவில்லை. சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு வைத்துவிடுவான். நேற்று சாயங்காலம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே கட்டிலில் சாய்ந்தான். இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஐம்பத்தொரு வயசு.

ஒரு கண்ணாடி! பத்தொன்பது வருஷத்தை ஒரு கண்ணாடிக்காகத் தூக்கிக் குப்பையில் போட்ட ஆள் இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு வந்து வண்டியை எடுக்கப்போகிறார். என்ன செய்யவேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு பண்ணிவிட்டாள். கண்ணாடியின் அடியைப் பிடித்திருப்பது இரண்டே இரண்டு போல்ட். இரண்டையும் விரலால் திருகி விட்டுவிட்டால் போதும், ஸ்பேனர் போடவேண்டாம். நல்ல ரோட்டில் நல்ல வேகத்தில் போகும்போது கண்ணாடி ஆடிச் சாயும், அடிபட்டு நொறுங்கும், அத்தனையும் அவர் மடியில் கொட்டும். பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் சரி, அது அவர்கள் பாடு.

கதவின் வயிற்றுக்குள் வேக்குவம் குழாயை விட்டாள். உள்ளே கிடந்த தூள்கள் கலகலவென்று ஏறின. பிறகு புதுக் கண்ணாடி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்தாள். கண்ணாடியோடு இன்னொரு பொட்டலமும் இருந்தது. சுருட்டி வைத்த பீடிங் ரப்பர். கதவுக்கு மேலே, கூரை ஓரத்தில் ஓடுவது.

இது எதற்கு? ஆர்டர் சீட்டை எடுத்துப் பார்த்தாள். டிரைவர் பக்கக் கண்ணாடி ஒன்று, கூரை பீடிங் ஒன்று. வண்டிக்காரரே கேட்டு எழுதியது. துடைக்கிற துணி ரப்பரைக் கிழிக்குமா?

உடைந்த ஜன்னலை மறைத்துக் கூரை ஓரத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பழைய பீடிங்கின் உதடு நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு வெளிப்பக்கமாகக் கிழிந்து தொங்கியது. அதன் பள்ளத்தில் விரலை விட்டாள். கண்ணாடித் தூள்கள் இன்னும் அங்கேயே கடித்துக்கொண்டு நின்றன.

அவள் போய் பானட்டைத் திறந்தாள். பேட்டரி புத்தம்புதுசு. ஒட்டியிருந்த சீட்டில் தேதி, அண்ணனுக்கு வேலை போனதற்கு மறுநாள்.

சட்டமில்லாத கதவில் கண்ணாடியின் மேல்விளிம்பு ரப்பர் பள்ளத்துக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கும். கைப்பிடியைத் தொட்டவுடன் மோட்டார் அதை ஒரு விரற்கடை கீழே இறக்கும், அப்புறம்தான் கதவு வரும். பேட்டரி செத்திருந்தால் கண்ணாடி இறங்காது. அது தெரியாமல் சாவி போட்டுத் திறந்து, வரமாட்டேன் என்கிற கதவை ஆத்திரத்தில் வெடுக்கென்று இழுத்தால் ரப்பர் கிழியும், கண்ணாடி பொலபொலவென்று கொட்டும். இப்படி உடைத்துக்கொண்டு வந்த வண்டிகளை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். சாவி யாரிடம் இருந்தது?

அண்ணியை ஃபோனில் கூப்பிட்டாள்.

“அண்ணி, அன்னிக்கு அண்ணன் உங்ககிட்ட என்ன சொன்னான்? கண்ணாடி உடைஞ்ச அன்னிக்கு.”

அந்தப் பக்கம் யாரோ நாற்காலிகளை விரித்துப் போடும் சத்தம்.

“இப்பவா கேக்குற?”

“சொல்லுங்க அண்ணி.”

“பேட்டரி இறங்கியிருக்கு, கதவ இழுத்துறாதீங்க ஐயா, சார்ஜர் எடுத்துட்டு வரேன்னு சொல்லிட்டுப் பின்பக்கம் போனாராம். சத்தம் கேட்டு ஓடி வந்தா உடைஞ்சு கெடந்துச்சாம். என்கிட்ட நூறு தடவ சொல்லியிருப்பாரு. உன்கிட்டயும் சொல்லத்தான் வந்தாரு. நீ எங்க சொல்ல விட்ட?”

ஆமாம், விடவில்லை. அன்றைக்கு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று அண்ணன், “வாயாடி, ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளு” என்றான். அவளை அவன் கூப்பிடுகிற பெயர் அதுதான். “ஒண்ணும் கேக்க வேணாம். கண்ணாடி தானா உடையாதுண்ணா. பதினோரு வருஷமா கண்ணாடியோட மாரடிக்கிறேன், என்கிட்டயேவா கதை விடுற?” என்றாள் அவள். அதோடு விட்டாளா? மறுநாள் அவளே அவனைத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தாள். “போய் ஒத்துக்கோ. தெரியாம உடைச்சிட்டேன், மன்னிச்சிடுங்கன்னு சொல்லு. வேலை திரும்பக் கெடைக்கும். உன் ரோஷத்த வச்சுக்கிட்டு நாக்கு வழிக்கக்கூட முடியாது.” அவன் போனான். அந்த வீட்டு வாசலில் நின்று, செய்யாததைச் செய்ததாகச் சொல்லிவிட்டு வந்தான். வேலையும் கிடைக்கவில்லை.

தெருவில் இன்றைக்கு வந்து உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும், கண்ணாடியை உடைத்துவிட்டுப் பொய் சொன்ன டிரைவர் செத்துப்போனான் என்று. நாலு மணிக்கு அதையும் சேர்த்துத்தான் அவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

அவள் ஸ்பேனரை எடுத்தாள்.

அவள் வாழ்நாளில் எந்தக் கண்ணாடியையும் இவ்வளவு நேர்த்தியாக நிறுத்தியதில்லை. புது பீடிங்கைப் பள்ளத்தில் அழுத்தி உட்காரவைத்தாள். கண்ணாடியைக் கதவுக்குள் சாய்த்து இறக்கி, இரண்டு போல்ட்டையும் உயிர்போகிற மாதிரி முறுக்கினாள். உயரம் பார்த்தாள், சாய்வு பார்த்தாள். ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு தாளைச் செருகிக் கதவைச் சாத்தி, தாளை இழுத்து இழுத்துப் பார்த்தாள். எல்லா இடத்திலும் ஒரே பிடி. ஹோஸால் தண்ணீர் அடித்தாள். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. முதலாளி வந்து பார்த்து, “கம்பெனியில இருந்து வந்தாப்பல இருக்கு” என்றார்.

பிறகு கதவைச் சாத்திப் பூட்டினாள். கண்ணாடி மேலேறிப் பள்ளத்துக்குள் உட்கார்ந்தது. பானட்டைத் தூக்கி, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரி ஒயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கிவிட்டு, பூட்டாமல் சும்மா சாத்தி வைத்தாள். கிழிந்த பழைய பீடிங்கைப் சைடு மிரரில் மாட்டித் தொங்கவிட்டாள்.

பன்னிரண்டே காலுக்கு ஐயாவும் வீட்டம்மாவும் வந்தார்கள். ஐயா கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, “ஆறு வாரம்! ஒரு கண்ணாடிக்கு ஆறு வாரம்!” என்று முதலாளியின் தோளைத் தட்டினார். வீட்டம்மா வண்டியின் பச்சைப் பக்கவாட்டை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினார்.

“திறந்து பாருங்க சார்” என்று சாவியை நீட்டினாள் அவள்.

ரிமோட்டை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார்.

“பேட்டரி ஒயரக் கழட்டி வச்சிருக்கேன். சாவி போடுங்க, பூட்டு திறக்கும்.”

சாவியைப் போட்டுத் திருப்பினார். பூட்டு திறந்துகொண்ட சத்தம் கேட்டது. கைப்பிடிக்குள் விரல்களை விட்டார். அவ்வளவுதான். கை அங்கேயே நின்றுவிட்டது. சைடு மிரரில் தொங்கிய ரப்பரை அப்போதுதான் பார்த்தார்.

“இழுங்க சார்.”

“மொதல்ல பேட்டரிய மாட்டு.”

“எதுக்கு? கதவுதானே. இழுத்தா வரப்போகுது.”

“மாட்டுன்னு சொல்றேன்ல!”

முதலாளி, “ஏம்மா, கஸ்டமர்கிட்ட என்ன...” என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வீட்டம்மா சிரித்தார். “என்னங்க, ஒரு கதவத் திறக்க இவ்வளவு யோசனையா? தள்ளுங்க.” சொல்லிக்கொண்டே கைப்பிடியைப் பிடித்தார்.

ஐயா அந்தக் கையைத் தட்டிவிட்டார். “இழுக்காத! உடைஞ்சிடும்!”

தட்டிவிடப்பட்ட கையை வீட்டம்மா இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

“உடைஞ்சிடுமா? இழுத்தாவா?”

“இல்ல... இந்த மாதிரி வண்டியில... பேட்டரி இல்லேன்னா கண்ணாடி எறங்காது, மேல மாட்டிக்கும்...”

“இது உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?”

அவர் சாவியைப் பூட்டிலிருந்து உருவினார்.

“ரெண்டு மாசமாத் தெரியும்மா” என்றாள் அவள். தொங்கிய ரப்பரை எடுத்து வீட்டம்மாவின் கையில் கொடுத்தாள். “கதவ வெடுக்குன்னு இழுத்ததுல கிழிஞ்சது. உள்ள தூள் இன்னும் இருக்கு, தொட்டுப் பாருங்க. உங்க டிரைவர் இழுக்காதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்கார். அவர் எங்க அண்ணன். நேத்து சாயங்காலம் போயிட்டார்.”

“போயிட்டாரா?” என்றார் வீட்டம்மா. “எங்க போயிட்டார்?” கேட்டு முடிப்பதற்குள் புரிந்துவிட்டது.

ஐயா மட்டும் விடவில்லை. “அவன்தானே ஒத்துக்கிட்டான்! எங்க வாசல்ல வந்து நின்னு, அவன் வாயாலயே...”

அவள் எச்சிலை விழுங்கிக்கொண்டு சொன்னாள்.

“நாலு மணிக்கு எடுக்குறோம். அதுக்கு முன்னாடி வாங்க. அங்க இருக்க அத்தன பேர் முன்னாடியும் நீங்க உங்க வாயால சொல்லணும்.”

“என்ன, மிரட்டுறியா?”

“ஆமா சார். மிரட்டுறேன்.”

வீட்டம்மா ரப்பரைச் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். “வீடு எங்கேம்மா?” என்று கேட்டார்.

மூன்றரை மணி. சந்தில் வண்டி நுழையாது, நடந்துதான் வரவேண்டும். வீட்டம்மா முன்னால் வந்தார், அவர் பின்னால் வந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். முன்னறையில் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அண்ணி. காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையாம், பெரியப்பா சொன்னார். அவள் அண்ணியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். இங்கிருந்து அந்த ஆளின் முகம் நன்றாகத் தெரியும்.

அவர் அண்ணியிடம் குனிந்து ஏதோ முணுமுணுத்தார்.

“சத்தமா” என்றாள் அவள்.

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். வீட்டம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அந்தக் கண்ணாடி... நான்தான்...”

“வாசல்ல இருக்கவங்களுக்குக் கேக்கல சார்.”

“கண்ணாடிய நான்தான் உடைச்சேன்! உங்க புருஷன் உடைக்கல. அவர் சொன்னதக் கேக்காம நான்தான் உடைச்சேன். பழிய அவர்மேல போட்டேன். போதுமா?”

வாசலில் குசுகுசுப்பு எழுந்து சந்து முனை வரைக்கும் போயிற்று. பெரியப்பா, “அடப்பாவி மனுஷா” என்றார். அவளுக்கு நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அவர் கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்தாள், சட்டைக் காலர் நனைவதைப் பார்த்தாள். இன்னும் ஒரு தடவை சொல்லச் சொல்லலாமா என்று இருந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்தாள். பார்த்தியாண்ணா, வரவச்சேன் பார்த்தியா?

வந்தவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் போவதை அண்ணி பார்க்கவே இல்லை. அந்த ஆள் பேசிக்கொண்டிருந்தபோதும் அண்ணி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அண்ணனுடைய துணியில் இருந்த ஒரு சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். நீவி முடித்துவிட்டுத் தலையைத் தூக்கினாள்.

“நீயும் சொல்லு” என்றாள்.

“என்ன அண்ணி?”

“அவர் சொன்னாருல்ல. அதே மாதிரி. நீ அவர்கிட்ட என்ன சொல்லி அனுப்புனேன்னு சொல்லு.”

வாசலில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா, “விடும்மா, இப்ப எதுக்கு...” என்று சொல்லிப் பார்த்தார். அண்ணி கண்ணை எடுக்கவில்லை.

அவள் வாயைத் திறந்தாள்.

“அண்ணன்கிட்ட நான்...”

“கேக்கல” என்றாள் அண்ணி.

வாசலில் யாரோ எழுந்து, அவள் வந்து நிற்பதற்காக இரண்டு நாற்காலிகளை ஓரமாக நகர்த்திப் போட்டார்கள்.