தெரிந்தவர் தலை

ஆஸ்பத்திரியிலிருந்து வரும் ஃபைல்களில் ஆளின் பெயர் இருக்காது. பெயர், முகவரி எல்லாவற்றையும் கறுப்படித்து, ஒரு எண்ணை மட்டும் மாட்டி அனுப்புவார்கள். டாக்டர் எழுதியதைப் படித்து, என்ன நோய், எந்த இடத்தில் என்று பார்த்து, அதற்குரிய குறியீட்டைப் போடுவதுதான் கேள்வியின் வேலை. அவளுக்குக் ‘கேள்வி’ என்று பேர் வைத்தது ஆபீஸ். சந்தேகம் வந்தால் டாக்டருக்கே எழுதிக் கேட்டுவிடுவாள். சந்தேகம் அவளுக்கு மூச்சு மாதிரி, நிற்காமல் வந்துகொண்டிருக்கும்.

அன்று திறந்த ஃபைலில், மூளை உறையில் தீங்கற்ற கட்டி. ஆபரேஷன் முடிந்திருந்தது. குறிப்பின் நடுவே டாக்டர் இப்படி எழுதியிருந்தார்: ‘கட்டி வலப்பக்கமா இடப்பக்கமா என்று தெளிவாக எழுதும்படி நோயாளி வற்புறுத்துகிறார். எழுதாவிட்டால் குறியீடு போடுபவர் வயிறெரிந்து திட்டுவார் என்கிறார்.’

கேள்வி சிரித்துவிட்டாள். சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது. மண்டையைத் திறக்கப்போகிற நேரத்தில் இதற்குக் கவலைப்படக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். பென்சில் அண்ணன்.

இந்தக் கண்ணாடிக் கட்டட மாடிக்கு வருவதற்கு முன் ஆபீஸ் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. மூடவே மூடாத ஜன்னல், ஒரே நீள மேசை, நடுவில் செங்கல் கனத்துக்குக் குறியீட்டுப் புத்தகம். பென்சில் அண்ணன் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு மேசை முழுக்கப் பென்சிலைத் தேடுவார். மழை வந்தால் அறை ஒழுகும். விசிறி போட்டால் தாள் பறக்கும். இப்போது நினைத்தால் அது சொர்க்கம் போலத் தெரிகிறது. அப்போது அவளுக்கு முதுகுவலி இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

“தீங்கற்ற கட்டியாம்!” என்பார் அவர். “மூளைக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு என்ன தாயே சாது வேஷம்? கூப்பிடாம வந்த விருந்தாளி நல்லவனா இருந்தா மட்டும் இடத்தை அடைக்க மாட்டானா?”

அந்த விருந்தாளி அவர் தலைக்கே வந்திருக்கிறான். அவர் வேலையை விட்டுப் போன பிறகு, கூப்பிட வேண்டும் கூப்பிட வேண்டும் என்று நினைத்தே நாளை ஓட்டிவிட்டாள் கேள்வி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்துக்குப் போனாள். திக்கென்றது. முதல் பக்கத்தில் ‘முன்பு கட்டி இருந்தவர், அகற்றப்பட்டது’. கடைசிப் பக்கத்தில், ரத்தக் குழாயோடு ஒட்டிய சிறு துண்டை எடுக்காமல் விட்டதாக வேறு எழுத்தில் ஒரு குறிப்பு. முதல் பக்கத்தை நம்பினால் இது பழைய கதை என்று குறியீடு போடணும். போட்டதும் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் அவரை வருடாந்தர ஸ்கேனிலிருந்து கழற்றிவிடும். மிச்சத் துண்டு யார் கண்ணிலும் படாமல் சாவகாசமாக வளரும்.

டாக்டருக்குக் கேள்வி எழுத விரல் துடித்தது. ஆனால் தெரிந்தவர் ஃபைல் என்றால் தொடக்கூடாது. அதைப் பற்றி மூச்சுவிடவும் கூடாது. தெரியாத மாதிரி நடித்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு முறை தன் மச்சினியின் ஃபைல் வந்தபோது, பென்சில் அண்ணன் அது முடியும்வரை மாடிப்படியில் போய் நின்றது நினைவுக்கு வந்தது. மழையில், குடையில்லாமல்.

டீம் லீடரிடம் போனாள். “சார், தெரிஞ்சவங்க ஃபைலு.”

“யாரு?”

“அதைச் சொல்லக்கூடாதுன்னுதானே சார் ரூலு?”

ஃபைல், வேகத்துக்குப் பேர் போன புல்லட்டுக்குப் போனது. பழைய மேசையில் எதிரே உட்கார்ந்தவன்தான். முதல் பக்கத்தைத் தாண்டியதாகச் சரித்திரம் இல்லை. கேள்வி ஓரக்கண்ணால் பார்த்தாள். புல்லட் ‘ஹெ’ என்று சிரித்தான். பிறகு மூக்கைச் சிந்தினான். பிறகு எழுந்தான். “சார், எனக்கும் தெரிஞ்சவர்.”

“குடுங்க, நானே பாக்குறேன்” என்றார் லீடர். அந்த நீள மேசையின் ஓரத்தில் அவரும் உட்கார்ந்தவர்தான். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாத கண்ணாடியைத் துடை துடையென்று துடைத்தார். “இந்த ஆளு யாரையாவது மிச்சம் வெச்சிருக்காரா?”

மிச்சம் ஒருவர்தான்: நிதானம். பிள்ளைகள் வளர்ந்த பிறகு வேலைக்குப் புதிதாக வந்த, பென்சில் அண்ணனைப் பார்த்தே இராத அம்மாள். மற்றவர்கள் நாலு ஃபைல் முடிப்பதற்குள் இவர் ஒன்றைத் திறந்து கும்பிடு போட்டிருப்பார். சாயங்காலமாகியும் ஃபைல் அவர் திரையிலேயே இருந்தது.

“என்னம்மா, நாவல் படிக்கிறீங்களா?” என்றான் புல்லட்.

“கடைசிப் பக்கம் இன்னும் வரல தம்பி.”

அந்த அம்மாள் மெதுவாக வேலை செய்வதற்காக கேள்வி முதல்முறை சந்தோஷப்பட்டாள். அந்த சந்தோஷம் அடங்குவதற்குள் நிதானம் அவளருகே வந்து நின்றார். “மேடம், ஒரு சந்தேகம். முதல் பக்கத்துல ஒண்ணு…”

கேள்வி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். “அய்யோ, அந்த ஃபைலைப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க! சந்தேகம்னா எழுதினவங்களையே கேளுங்க.”

“டாக்டர் கோச்சுக்க மாட்டாரா?”

“கோச்சுக்குவாரு. கோச்சுக்கிட்டே பதில் எழுதுவாரு.”

நிதானம் இருக்கைக்குப் போய், ஒற்றை விரலால் டொக் டொக்கென்று தட்ட ஆரம்பித்தார். என்ன தட்டினார் என்று கேள்விக்குத் தெரியவில்லை, கேட்கவும் முடியாது. அடுத்த சில வாரம் அவள் தூக்கம் அரைகுறையாகத்தான் இருந்தது.

ஒருநாள் போன் வந்தது.

“தாயே, நீதானே அது?”

“என்னண்ணே?”

“நடிக்காத. பழைய கதைன்னு வீட்டுக்கு அனுப்பின டாக்டரு திரும்பக் கூப்பிடுறாரு. கொஞ்சம் மிச்சம் இருக்காம், வருஷா வருஷம் ஸ்கேன் பாக்கணுமாம். குறியீடு போடுற எவளோ ஒருத்தி கேள்வி கேட்டு உயிரை எடுத்துட்டாளாம். உன்னை விட்டா யாரு?”

“சத்தியமா நான் தொடல. ரூலு.”

“புல்லட்டு?”

“அவனும் தொடல. லீடரும் தொடல. தெரிஞ்சவர்னு ஆளாளுக்கு எழுந்து போயிட்டோம்.”

“ஒருத்தராவது ரூலுக்குத் துரோகம் பண்ணியிருக்கலாம்” என்றார் பென்சில் அண்ணன். “சரி, வலதா இடதான்னு ஒழுங்கா எழுதியிருந்தாங்களா?”

“அதெல்லாம் சொல்லக்கூடாது.”

“அப்ப நேர்ல வந்து தலையைப் பாத்துட்டுப் போங்க. எல்லாருமா வாங்க. கேள்வி கேட்ட மகராசியையும் கூட்டிட்டு வாங்க.”

“வரோம். வீடு மாத்திட்டீங்களாமே, அட்ரஸ் சொல்லுங்கண்ணே” என்றாள் கேள்வி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “ஃபைல்ல கறுப்படிச்சுட்டாங்க.”