யாரும் வாங்காத சீம்பால்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கள்ளக்குறிச்சி டாக்டர் ஆதிமூலம் என் கழுத்துக் கட்டியில் சதை எடுத்துச் சேலத்துக்கு அனுப்பியிருந்தார். புற்றுநோய் என்றே நினைத்துப் பத்து நாள் செத்துச் செத்துப் பிழைத்தேன். வந்த ரிசல்ட்டில் ‘கேசியஸ்’ என்று ஒரு வார்த்தை. அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். லத்தீன் பாஷையில் சீஸுக்கு உள்ள பேரிலிருந்து வந்ததாம். சீஸை நான் எங்கே கண்டேன்? பால் திரிந்து கட்டியாகி, தொட்டால் உதிருமே, அது என்றார்.

"சீம்பாலு மாதிரிங்களா?" என்றேன்.

சிரித்துவிட்டார். கட்டிக்குள் செத்த சதை அப்படித்தான் இருக்குமாம். புற்று இல்லை, கட்டியில் வந்த டிபி. அடுத்தவருக்கு ஒட்டாது, மாத்திரையை விடாமல் தின்றால் போய்விடும் என்றார். அந்தச் சந்தோஷத்தில், பஸ்ஸில் பக்கத்து வீட்டுப் பெரியம்மாளிடம் சீம்பால் வரைக்கும் ஒன்று விடாமல் கொட்டினேன்.

வீடு வந்தால், என் வீட்டுக்காரர் சுப்புராயன் இடஒதுக்கீட்டு மறியலுக்குச் சின்னசேலம் பக்கம் போய்விட்டிருந்தார். மறுநாள் மரங்களை வெட்டி ரோட்டில் போட்டார்கள். ஒரு வாரம் ஆள் வரவில்லை. பிள்ளை இல்லாத வீடு. பேச்சுத் துணைக்குச் சினைமாடு ஒன்றுதான்.

அது கன்று போட்டது. சீம்பாலை வெல்லம் போட்டு வேகவைத்து, அக்கம்பக்கத்துக்குக் கொடுத்த பிறகுதான் நாங்கள் வாயில் வைப்போம். ஆறு கிண்ணம் எடுத்துப் போனேன். ஒரு வீட்டில் விரதம், இன்னொரு வீட்டில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. பெரியம்மாள்தான் நேராகச் சொன்னாள்.

"தப்பா நெனைக்காத அம்சவள்ளி. அத்தப் பாத்தா உங்கழுத்துல இருந்ததுதான் ஞாபகம் வருது."

ஒட்டாது என்று சொல்லிப் பார்த்தேன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். ஆறு கிண்ணத்தையும் சுமந்துகொண்டு தெரு முழுக்க நடந்து திரும்பினேன். அழுகையாக வந்தது.

அன்று சாயங்காலம் ரோடு திறந்து, அவர் நடந்தே வந்தார். நல்ல பசி. ஒரு கிண்ணம் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டார். எனக்கு உயிர் வந்தது. இவர் ஒருத்தர் போதும், ஊர் எக்கேடு கெட்டால் என்ன என்று நினைத்தேன். வெளியில் கேள்விப்படுவதற்கு முன் நானே ரிசல்ட்டைச் சொன்னேன். ஒட்டாது என்பதை இரண்டு முறை சொன்னேன்.

"நான் இன்னா சொல்லிட்டன் இப்ப?" என்று மெதுவாகக் கேட்டார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். எழுந்து வேலியோரம் போய், விரலைத் தொண்டைக்குள் விட்டார்.

சத்தம் நிற்கும் வரைக்கும் நின்றேன். பிறகு வாய் கொப்பளிக்க ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு, அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன்.