அட்டையில் இருந்த முகம்

யுகேந்திரன் தோள்பையிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்து மேசைமேல் வைத்தபோது ரமணி முதலில் பார்த்தது தன் மூக்குத்தியைத்தான். இருபத்திரண்டு வயது ரமணி மஞ்சள் பட்டுச் சேலையில் அட்டையிலிருந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மன் பாடல்கள் எட்டு. பாடியவர் ரமணி. ஓரத்தில் பொடி எழுத்தில் 1991.

"செலாயாங்ல பழைய சாமான் விக்கிற அங்கிள் ஒருத்தர்கிட்ட கெடச்சது ஆன்டி. ஒரு பெட்டி நெறைய இருந்துச்சு. இது ஒன்னுதான் நம்ம ஊர்லயே பதிவு பண்ணது. அன்னிக்குப் பூரா இதையேதான் திருப்பித் திருப்பிக் கேட்டேன்."

அவனுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கலாம். அவனும் இரண்டு நண்பர்களும் பழைய கேசட்டுகளைத் தேடிப் பிடித்து, மறுபடியும் கேசட்டாகவே வெளியிடுகிறார்களாம். வாங்குவது எல்லாம் அவன் வயதுப் பிள்ளைகள்தானாம். ரமணியின் கணவர் ஜெயராஜுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"எதுக்குத் தம்பி இப்ப போயி கேசட்டு? எல்லாந்தான் போன்லயே வருதே."

"போன்ல எல்லாம் இருக்கு அங்கிள். ஆனா எதுவுமே நம்மளோடது இல்ல லா. இது கையில இருக்கும். ஒரு பாட்டு போரடிச்சாலும் சட்டுனு தாண்டிப் போக முடியாது, உக்காந்து கேக்கணும்."

அவன் கையோடு கொண்டுவந்திருந்த சின்ன கேசட் பிளேயரை அழுத்தினான். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அந்தக் குரல் வந்தது. ஜெயராஜ் கண்ணை மூடிக்கொண்டார். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் சன்னலுக்கு வெளியே மோனோரயில் ஒன்று போனது. அதன் சத்தத்துக்கு மேலாகவும் அந்தக் குரல் கேட்டது. கரகரப்பு கொஞ்சம் கலந்த, அடிவயிற்றிலிருந்து எழும் குரல். ரமணி மேசை விரிப்பின் ஓரத்தை மடிப்பதும் நீவிவிடுவதுமாக இருந்தாள்.

இருநூறு பிரதி போடப் போவதாகச் சொன்னான். அதே படம், அதே பெயர். அட்டை அச்சுக்குப் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை இதே பிரிக்பீல்ட்ஸில் ஒரு காபிக் கடையில் சின்ன வெளியீடு. "நீங்க பாட வேணாம் ஆன்டி. கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்தா போதும்."

ரமணியின் தலை தானாக ஆடியது.

கிளம்பும்போது அவன் போனைக் காட்டினான். நாலாவது பாட்டை இணையத்தில் ஏற்றியிருந்தானாம், நாற்பதாயிரம் பேர் கேட்டிருக்கிறார்களாம். "ஒருத்தங்க மட்டும் 'இது எங்கம்மா கொரல்'னு எழுதிட்டே இருந்தாங்க. தாமரைன்னு பேரு. கேரித் தீவாம். மூனு தடவ எழுதுனாங்க. சரிதான்னு பிளாக் பண்ணிட்டேன்."

"கொஞ்சம் பேரு வந்தா போதும், பங்கு கேக்க ஆளு வந்துரும்" என்று ஜெயராஜ் சிரித்தார். யுகேந்திரனும் சிரித்தான். ரமணியும் சிரித்தாள். அவர்கள் இருவரும் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்தாள்.

அந்தப் பாட்டுகளில் ஒன்றைக்கூட ரமணி பாடவில்லை.

கிள்ளானில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் அவளுடைய மாமா சபாபதி சிறியதாகப் பதிவுக்கூடம் வைத்திருந்தார். சுவர் முழுக்க முட்டை அட்டைகள். கோயில் போட்டிகளில் இரண்டு முறை பரிசு வாங்கிய அக்காள் மகளை வைத்து ஒரு கேசட் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. படம் பிடித்து, அட்டையையும் முதலிலேயே அச்சடித்துவிட்டார். பாட்டுகள் கேரித் தீவுத் தோட்டத்தில் திருவிழாவுக்குப் பாடுபவை. அவற்றைச் சொல்லிக்கொடுக்கவும் பின்பாட்டுப் பாடவும் அங்கிருந்து பஸ் ஏறி வந்தவள் வீரம்மா. பால்மணம் மாறாத பிள்ளையை யாரிடமோ விட்டுவிட்டு வந்திருந்தாள். மைக் முன்னால் நின்றதும் ரமணிக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பத்து முறை பாடியும் சுருதி சேரவில்லை. ஆர்மோனியக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். "இப்படி எடும்மா" என்று காட்டுவதற்காக வீரம்மா ஒரு அடி பாடினாள். மாமா கையைக் காட்டி அவளை அப்படியே பாடச் சொன்னார். கடைசி பஸ்ஸுக்கு முன்னால் எட்டுப் பாட்டும் முடிந்துவிட்டன.

"அட்டை அச்சாயிருச்சு. அடுத்த கேசட்டுல ஒங்க பேர போட்டுருவோம்" என்றார் மாமா. வீரம்மா சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். அடுத்த கேசட் வரவே இல்லை.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஜெயராஜ் பெண் கேட்டு வந்தார். பெண் பார்க்க வந்த அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சொல்லாததால் மறுநாள் சொல்ல முடியவில்லை. அம்மனுக்கு மட்டும்தான் பாடுவேன் என்று வேண்டுதல், அதனால் வேறு எங்கும் பாடுவதில்லை என்று ஒரு கதை கட்டினாள். அவர் அதை நம்பினார். நம்பியதோடு மதித்தார், கல்யாண வீடுகளில் யாராவது பாடக் கேட்டால் அவரே குறுக்கே விழுந்து தடுத்தார். மகள் மலர் பிறந்தபோது தாலாட்டுக்கூடப் பாடவில்லை. அறைக்கு வெளியே அவர் நின்று கேட்டுவிடுவாரோ என்று பயம். பிள்ளையைத் தட்டித் தட்டியே தூங்க வைத்தாள்.

யுகேந்திரன் வந்துபோன பிறகு ரமணிக்கு, மூன்று தடவை எழுதினார்கள் என்று அவன் சொன்னதுதான் காதில் நின்றது. வியாழக்கிழமை காலையில், பழைய சிநேகிதி ஒருத்தியைப் பார்க்க வேண்டும் என்று ஜெயராஜிடம் சொன்னாள். அவர் ஒன்றும் கேட்காமல் காரை எடுத்தார். கிள்ளானைத் தாண்டி, பாலம் ஏறி இறங்கியதும் இருபுறமும் செம்பனைத் தோட்டம். வழி முழுக்க அவர் சனிக்கிழமைக்கு என்ன சேலை கட்டலாம் என்று பேசிக்கொண்டு வந்தார்.

ஒரு மளிகைக் கடைப் பக்கம் காரை நிறுத்தச் சொல்லி, ரமணி மட்டும் இறங்கி, மீன் வாங்கிக்கொண்டு போன ஒரு பெண்ணிடம் விசாரித்தாள்.

"எந்த வீரம்மா? கேசட்டு வீரம்மாவா?" அந்தப் பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள். "மூனாவது வீடு, போங்க."

ஜெயராஜைக் கடைப் பக்கமே இருக்கச் சொல்லிவிட்டு ரமணி நடந்தாள். வீரம்மா வாசலில் உட்கார்ந்து செம்பனை ஓலையைச் சீவி ஈர்க்கு எடுத்துக்கொண்டிருந்தாள். அறுபத்தெட்டு வயதுக்கு உடம்பு திடமாகத்தான் இருந்தது. நிமிர்ந்து பார்த்ததும் கத்தி நின்றது.

"ரமணிதானே? உள்ள வாம்மா, வெயிலா இருக்கு."

மைலோ கலக்கிக் கொடுத்தாள். ரமணி கொண்டுவந்த சேலைப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். காரில் வரும்போது யோசித்து வைத்திருந்த சொற்களில் பாதி மறந்துவிட்டன.

"அக்கா, அந்த கேசட்டு மறுபடி வரப்போவுது."

"தாமரை சொல்லுச்சு."

"அந்தத் தம்பிகிட்ட நான் பேசுறேன்கா. ஒங்க பேரும் போடச் சொல்றேன்."

'பேரும்' என்றுதான் தன் வாயில் வந்தது என்பது சொன்ன பிறகே ரமணிக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும் பாதியைத் தனக்கென்று பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். வீரம்மா அதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை. ஓலைத் தூசியைக் கையிலிருந்து தட்டிவிட்டாள்.

"கேசட்டு வந்தப்ப நான் லயத்து வீடு பூராவும் சொல்லிட்டேன், நாந்தான் பாடுனேன்னு. பக்கிரிசாமி கடையில போட்டுக் கேட்டாங்க. அவரு அட்டைய எடுத்துக் காட்டி, 'இது நீயா?'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் பாடிக் காட்டுனேன். கேட்டுக் கேட்டு அதே மாதிரி பாடுறான்னுட்டாங்க." குரலில் கோபம் இல்லை, யாருக்கோ வழி சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போனாள். "அன்னிலேருந்து இங்க யாரு பொய் சொன்னாலும், 'கேசட்டு விடாத'ன்னுதான் பேச்சு. பள்ளிக்கூடத்துல தாமரைக்கும் இதே பேருதான். எம்புருஷன் சாவுற வரைக்கும் நம்பல."

ரமணி இத்தனை வருடமும் எடுத்துக்கொண்டது ஒரு பெயரை என்றுதான் நினைத்திருந்தாள். அதுவும் யாரும் தேடாத பெயர் என்று.

"மன்னிச்சிருங்கக்கா."

"அத இங்க சொல்லி என்னா செய்ய?" வீரம்மா எழுந்தாள். "அந்தத் தம்பி யாருன்னே எனக்குத் தெரியாது. அவருகிட்ட நீ என்னா வேணா பேசிக்க. இப்ப செருப்பப் போடு. என்கூட பக்கிரிசாமி கடைக்கு வா."

சாலையில் நிழலே இல்லை. வீரம்மா முன்னால் நடந்தாள். கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். மேலே விசிறி சுற்றியது. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து சோயா பால் குடித்துக்கொண்டிருந்த ஜெயராஜ், ரமணியைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வீரம்மா திரும்பிப் பார்த்தாள். "யாரு?"

"எங்க வீட்டுக்காரர்."

"அவருக்குத் தெரியுமா?"

ரமணி இல்லை என்று தலையசைத்தாள். வீரம்மா அவரை ஒருமுறை பார்த்தாள். முகம் கொஞ்சம் இளகியது. "அப்ப இன்னொரு நாளு வாம்மா. தனியா வா. பரவால்ல."

முப்பத்து நான்கு வருடம் பொய்க்காரி என்று பெயர் வாங்கியவள், தனக்கு மறைவிடம் தருகிறாள். ரமணிக்கு அப்போதுதான் அழுகை முட்டியது.

"வேணாங்கா" என்று சொல்லிவிட்டு அவளைத் தாண்டி உள்ளே போனாள். வீரம்மாவும் பின்னால் வந்து, வெங்காயம் இருந்த மூலைக்கு ஒதுங்கிப் போனாள்.

கல்லாவுக்குப் பின்னால் வெள்ளைப் பனியனோடு பக்கிரிசாமி உட்கார்ந்திருந்தார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். ரமணி அவர் முன்னால் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, அந்தக் கேசட்டில் பாடியது வீரம்மா அக்காதான் என்று சொன்னாள்.

அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் குனிந்தார். "என்னம்மா? காது மந்தம். சத்தமா சொல்லு."

அவருக்குக் கேட்டிருக்கவில்லை. வேறு யாருக்கும் கேட்டிருக்கவில்லை. வாசலில் ஜெயராஜ் இன்னும் புன்னகையோடுதான் இருந்தார். ரமணி மூச்சை இழுத்தாள்.

"அட்டையில இருக்கிறது நானு! பாடுனது நான் இல்ல! ஒரு பாட்டுகூட நான் பாடல! எட்டும் வீரம்மா அக்கா பாடுனது!"

அவளுக்கே அது யாருடைய குரலோ என்று இருந்தது. அரிசி நிறுத்துக்கொண்டிருந்தவரின் கை தராசிலேயே நின்றது. பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. ரமணி திரும்பவில்லை. கடையின் மூலையில், எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்று வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த வீரம்மா, கையில் எடுத்த ஒன்றைக் கூடையிலும் போடாமல் தட்டிலும் போடாமல், அதன் காய்ந்த தோலைக் கட்டைவிரலால் மெல்லத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.