தலையில் ஏறாதது

ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயிலில் பக்கத்து வீட்டு எழிலரசி வேலூர்க் கோட்டையை எங்கள் தெருவுக்குள் இழுத்துக்கொண்டு வந்தாள். அத்தனையும் ஷூ அட்டைப்பெட்டி. அவள் வீட்டுக்காரர் கோபி, தான் வேலை பார்க்கிற ஷூ ஃபேக்டரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து பரணில் சேர்த்தது. சின்டெக்ஸ் டேங்க் பக்கத்தில் அவற்றை அடுக்கிச் சுவர் எழுப்பினாள். சுற்றிலும் நீலத் தார்ப்பாயை விரித்து அகழி என்றாள். சுவரில் ஒவ்வொரு கல்லிலும் ‘சைஸ் 42’, ‘சைஸ் 39’ என்று அச்சு. “எந்த ராஜா கல்லுக்கு சைஸ் போட்டுக் கோட்டை கட்டினான்மா?” என்று ஜன்னலிலிருந்தே கேட்டேன். “வெளிய வந்து பாருங்கக்கா” என்றாள். வராமல் இருப்பேனா.

எனக்கு வேலையே ஜன்னல் ஓரத்தில்தான். காண்ட்ராக்ட்காரர் மூட்டையில் போட்டுவிட்டுப் போகிற ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுக்கிறேன். ஆம்பூரில் பாதி வீட்டில் இதுதான். கை தோலைத் தைக்கும், கண் சும்மா இருக்குமா, அது தெருவைத் தைத்துக்கொண்டிருக்கும். செண்பகம் ஜன்னலில் உட்கார்ந்தால் இந்தத் தெருவுக்கு சிசிடிவி தேவையில்லை என்று எதிர்வீட்டு ஆபித் பாஷா சொல்வார். ஆட்டோ ஓட்டுகிறவர், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனால் பொய் இல்லை.

எழிலரசி மகள் ஜீவாவுக்குப் பதினோரு வயசு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். காரணம் தெருவுக்கே தெரியும். காலையில் வேன் ஹாரன் கேட்டால் போதும், அந்தப் பெண் தின்ற இட்லியை வாசலிலேயே கக்கிவிடும். டாக்டர் பார்த்தார், மந்திரித்துப் பார்த்தார்கள், ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் எழிலரசி, “நானே சொல்லித் தர்றேன்” என்று உட்கார்ந்துவிட்டாள். அவள் பி.எஸ்ஸி. நான் நாலு வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னேன், “வீட்டுலயே ஊறுகாய் போடலாம், படிப்புமா போடுவாங்க?”

பிறகு ஊர்சுற்றல் ஆரம்பித்தது. ஏலகிரிக்குப் போனால் ஜனங்கள் படகில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வருவார்கள். இவர்கள் ஒரு கல்லோடு வந்தார்கள். காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போய் ஒரு பாட்டில் சேற்றுத் தண்ணீரோடு வந்தார்கள். அதை மதில் மேல் வைத்து, சேறு அடுக்கடுக்காக இறங்குவதை அம்மாவும் மகளும் சினிமா பார்ப்பதுபோல் உட்கார்ந்து பார்த்தார்கள். நான் தோல் தைக்க மறந்து அவர்களைப் பார்த்தேன். ஒன்று மட்டும் சொல்லவேண்டும். பக்கத்துத் தெரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போது ஜீவா வாசற்படியில் நின்று இட்லி தின்றுகொண்டிருப்பாள். தின்றது உள்ளேயே இருக்கும்.

கோபியின் அப்பா ஆதிகேசவனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் ஆரம்பித்து மேஸ்திரியாக வெளியே வந்த மனுஷன். பச்சைத் தோலுக்கும் பதனிட்ட தோலுக்கும் நடுவில் வயசைக் கழித்தவர். இந்த மே மாசம் வந்து உட்கார்ந்துகொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

“ஊர் சுத்தறதுக்குப் பேரு படிப்பா? கொயந்தை தலையில இன்னா ஏறிக்கீது? ஒன்னும் ஏறல. இந்த ஞாயித்துக்கெயம தெரு முன்னாடி செஞ்சு காட்டட்டும். எனக்குப் புரிஞ்சா உடுறேன். இல்லன்னா ஜூன்ல நானே வேன்ல ஏத்திடுவேன்.”

எழிலரசி, “சரிங்க மாமா” என்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் நின்ற ஜீவா வேன் என்ற வார்த்தைக்கு எச்சில் விழுங்கினாள். 

அதற்காகத்தான் கோட்டை. நிஜக் கோட்டைக்கும் முந்தின வாரம் போனோம். போனோம் என்றால், நானும். என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்கவேண்டாமா. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அகழி ஓரம் உட்கார்ந்து கடலை தின்ற இடம்தான். ஜீவா மதில் கல்லில் கன்னத்தை வைத்துச் சூடு பார்த்தாள். பிறகு எனக்குக் கதை சொன்னாள். ஆயிரத்து எண்ணூற்று ஆறாம் வருஷம். இந்தக் கோட்டையில் வெள்ளைக்காரக் கும்பினிக்கு வேலை பார்த்த நம்ம ஊர்ச் சிப்பாய்கள். துரைமார் புதுசாக ஒரு தொப்பி கொடுத்து, இதைத்தான் போடவேண்டும் என்றார்கள். தொப்பியில் தோலால் செய்த பூ. போடமாட்டோம் என்றவர்களுக்குக் கசையடி. ஜூலை மாசம், விடிவதற்கு முன்னால், சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தார்கள். பொழுது ஏறுவதற்குள் ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்துவிட்டது. அப்புறம் செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை.

“ஒரு தொப்பிக்கா?” என்றேன். “போட்டுனு போயிருக்கலாமே, இன்னா பேஜாரு.”

“அதான் பெரிம்மா எனக்கும் புரியல” என்றாள் ஜீவா. “அம்மா சொல்றாங்க, புஸ்தகத்துலயும் போட்டிருக்கு. ஆனா புரியல.”

எழிலரசி அகழித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் புரியவில்லை என்றுதான் நினைத்தேன்.

வெயில் சாய்ந்தபோது தெரு நிறைந்துவிட்டது. ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஆதிகேசவன், கோர்ட்டில் ஜட்ஜ் மாதிரி. ஜீவா அப்பாவின் ஃபேக்டரி ஓவர்கோட்டை முழங்கால் வரை போட்டுக்கொண்டு துரையாக வந்தாள். எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. கையில் தட்டு, தட்டில் தொப்பி. கிண்ணத்தின் மேல் துணியைச் சுற்றி விறைப்பாகச் செய்தது. முன்பக்கம் கறுப்புத் தோலில் ஒரு பூ, இதழ் இதழாக. ஷூவுக்கு வெட்டியது போக மிஞ்சிய கட்டிங் துண்டை எடை போட்டு விற்கிற கடையில் வாங்கியது. வேலைப்பாட்டை என்னாலேயே குறை சொல்ல முடியவில்லை.

“இனிமே எல்லாரும் இந்தத் தொப்பிதான் போடணும்! நெத்தியில நாமம், விபூதி கூடாது! தாடி கூடாது! இது உத்தரவு!”

அவர்கள் போட்டிருந்த திட்டம் எனக்குத் தெரியும், சுவர் மெல்லிசு. முதலில் ஆபித் பாஷா போட்டுக்கொள்ளவேண்டும், அடுத்து ஒருவர். மூன்றாவதாக கோபி எழுந்து மறுக்கவேண்டும். அங்கிருந்துதான் சண்டை.

ஆபித் பாஷா நடிகர் மாதிரி முன்னால் வந்து சலாம் வைத்துத் தலையைக் குனிந்தார். தொப்பி தலையைத் தொடப்போன நேரத்தில் கண்ணை மட்டும் உயர்த்தினார்.

“ஏம்மா ஜீவா, இது இன்னா தோலு?”

“தெரியல பாய். கட்டிங் பீஸு.”

“கட்டிங் பீஸுன்னா... லைனிங்கா?”

“தெரியல பாய்.”

லைனிங் என்றால் ஷூவின் உள்பக்கம், அதில் பன்றித் தோலும் வரும். அவர் சிரித்தபடியே ஓர் அடி பின்னால் போனார். “ஒரு நிமிஷம் இரும்மா” என்று தாடியைத் தடவிக்கொண்டு போய் நின்றுவிட்டார்.

என் பக்கத்தில் இருந்தவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. “இன்னா தோலுன்னு அதுங்களுக்கே தெரியலையாம்” என்றேன், அவ்வளவுதான். அது வரிசையில் கை மாறிக் கை மாறிப் போனதைப் பார்க்கவேண்டுமே. அந்தக் கடைசிக்குப் போய்த் தெருவைத் தாண்டி ஆண்கள் பக்கம் ஏறி, திரும்பி என் காதுக்கே வந்தபோது இரண்டாகியிருந்தது. ஒரு காதில் பன்றித் தோலாம். இன்னொரு காதில் பசுத் தோலாம், அதுவும் கன்று போட்டுச் செத்ததாம். உடம்பு சிலிர்த்தது எனக்கு. வேலூர்ப் பேட்டையில் அன்றைக்கும் ஒருத்தி இப்படித்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். அவள் பேர் எந்தப் புஸ்தகத்தில் இருக்கப்போகிறது? “இன்னா தோலுன்னு தெரியலையாம்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். அது மதிலேறிப் போயிருக்கும்.

அடுத்தவர் போடவில்லை. அதற்கடுத்தவரும் இல்லை. ஒத்திகை பார்த்த கோபியே, முறை வருவதற்கு முன்பு, தலைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். நாடகம் சரிகிறது என்று எழிலரசி முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு அட்டைச் சுவரைப் பிடித்திருந்தாள். ஜீவா ஒவ்வொருவராகத் தட்டை நீட்டிக்கொண்டே வந்தாள். என்னிடமும் வந்தாள்.

“பெரிம்மா, நீங்களாவது. ப்ளீஸ்.”

நாள் முழுக்கத் தோலை மடியில் போட்டு வைத்திருக்கிறேன். நூல் அறுக்கப் பல்லாலும் கடிக்கிறேன். இந்தத் தெருவில் எல்லாரும் அதில் சோறு தின்கிறவர்கள்தான். ஆனால் அது தலைக்கு நேராக வந்தபோது உச்சியில் முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. காலுக்குப் போகிற பொருள், தலைமேல். கழுத்து தானாகப் பின்னால் போயிற்று. நான் போகச் சொல்லவில்லை. கோட்டையில், “போட்டுனு போயிருக்கலாமே” என்று கேட்ட அதே கழுத்து.

கடைசியில் தாத்தா. ஜீவா அவர் முன்னால் நின்றாள். இவரும் போடாவிட்டால் நாடகம் இல்லை, ஜூனில் வேன்தான். அது எனக்குத் தெரியும், அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். குரலைக் கெட்டியாக்கிக்கொண்டாள்.

“தொப்பியைப் போடு.”

ஆதிகேசவன் பூவை விரலால் தொட்டு, நகத்தால் சுரண்டி, மோந்து பார்த்தார். என்ன தோல் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். சொல்லவில்லை.

“வேணாம்.”

“இது உத்தரவு.”

“இருக்கட்டும். வேணாம்.”

“போடலைன்னா...” ஜீவாவின் குரல் உடைந்தது. “போடலைன்னா கசையடி.”

கிழவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியில் போட்டார். திரும்பி நின்றார். சட்டைக்குள் குனிந்திருந்த முதுகு.

“அடிச்சிக்கோ.”

 தெருவில் அத்தனை பேரும் ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருந்தோம். எப்போது எழுந்தோம், தெரியாது. பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம் என்று இருந்தது கலைந்து, எல்லாரும் அவர் பக்கமாக வந்திருந்தோம். ஆபித் பாஷா என் தோளுக்குப் பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் துரை கோட்டில் ஒரு சின்னப் பெண், தட்டோடு, தனியாக. அவளுக்குப் பின்னால் சைஸ் போட்ட கோட்டை.

ஜீவா எங்களை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள். 

“அம்மா” என்றாள் மெதுவாக. “இவங்க யாரும் நடிக்கலம்மா.”

எழிலரசி வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

ஜீவா தொப்பியை அட்டைச் சுவர்மேல் வைத்தாள், சூடான பாத்திரத்தை இறக்கி வைப்பதுபோல. தாத்தாவின் முதுகைத் தொட்டாள். அவர் திரும்பினார். கண் எங்கேயோ இருந்தது. நாற்காலியில் உட்காரத் தோன்றாமல் தரையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

“சொல்லு” என்றார். “அப்புறம் இன்னா பண்ணாங்க?”

அவள் ஓவர்கோட்டைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். தெரு விளக்கு வந்தது. அவர், “அப்புறம்?” என்றார். குதிரைப்படை வந்த இடத்தில் அவள் நிறுத்தினாள். அப்போதும், “அப்புறம்?” என்றார், வேறு மாதிரி முடியாதா என்று கேட்பதுபோல.

காலையில் பார்த்தால் மனுஷன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, தண்ணீர் பாட்டிலோடு எழிலரசி வாசலில் நிற்கிறார். வேலூர் பஸ்ஸுக்கு. “அந்த எடத்தைக் காட்டறேன்னு சொல்லிக்கீது பாப்பா” என்றார், நான் கேட்காமலேயே. ஜூனைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஜீவா படியில் நின்று இட்லி தின்றுகொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு டேங்க் பக்கம் போனேன். விடிகிற நேரத்தில் மழை பிடித்து ஓய்ந்திருந்தது. கோட்டை ஊறித் தரையோடு படுத்துவிட்டது. அகழியில் நிஜமாகவே தண்ணீர். சரிந்த அட்டைமேல் ஒரு பக்கெட் கவிழ்ந்திருந்தது. அதன் அடியில், துணி நனையாமல், அந்தத் தொப்பி.

பச்சைப் பக்கெட். கைப்பிடி உடைந்து சிவப்பு ஒயர் கட்டியது. இந்தத் தெருவில் யார் வீட்டுப் பக்கெட் எது என்று எனக்குத் தெரியாதா? மூன்றாம் வீட்டுக்காரி ஜன்னலிலிருந்து, “யாருதுக்கா அது?” என்றாள்.

“தெரியல” என்றேன். பக்கெட்டைப் பழையபடி கவிழ்த்து, காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தேன்.